எர்த் மாற்றித் தருகிறேன் என்று வந்தவர் போர்டுக்குள் விட்டுச்சென்ற துண்டுக் கம்பி

பழைய வீட்டின் எர்த் அமைப்பை மாற்ற நினைப்பவர்கள், வேலைக்கு ஆளை அழைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மின் விநியோகக் கேபிளின் உலோக உறையிலிருந்தே எர்த் எடுக்கப்பட்டிருந்தது. அந்த உறை துருப்பிடித்துவிட்டது, இனி மண்ணுக்குள் தனியாக ராடு (உலோகக் கம்பம்) அடிப்பதுதான் பாதுகாப்பு என்று வயரிங் ஒப்பந்ததாரர் ஒருவர் கூறியபோது, அப்படியும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டேன். எந்த அளவீடும் எடுக்காமலேயே அவர் அந்த முடிவுக்கு வந்திருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரே நாளில் வேலை முடிந்தது. தடித்த பழைய செம்புக் கம்பியை அறுத்து எடுத்துக்கொண்டு, ராடிலிருந்து போர்டுக்கு மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை இழுத்திருந்தார். சோதித்துக் காட்டச் சொன்னபோது, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 100 வாட் குண்டு பல்பை வைத்தார். அது பளிச்சென்று எரிந்தது. நானும் நம்பிக் கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பல்பு அப்படித் தொடர்ந்து எரிந்திருக்கவே கூடாது. போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தது; போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அந்த அளவுக்கு வேறுபட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு ஏறத்தாழ 430 மில்லி ஆம்பியர் எடுக்கும். அந்த மின்னோட்டம் உண்மையிலேயே மண்ணுக்குள் இறங்கியிருந்தால் ஆர்சிசிபி உடனே ட்ரிப் ஆகியிருக்கும். ஆகவில்லை, ஏனெனில் ஆர்சிசிபிக்குப் பிந்தைய நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பும் கம்பி) எர்த்தையும் அவர் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டிருந்தார்; பல்பின் மின்னோட்டம் மண்ணுக்குப் போகாமல் அதன் வழியே நியூட்ரலுக்கே திரும்பியது. ராடைப் பிடுங்கி எறிந்திருந்தாலும் பல்பு அதே பிரகாசத்துடன்தான் எரிந்திருக்கும்.

சில நாட்களில், வாட்டர் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடும்போதெல்லாம் ஆர்சிசிபி விழத் தொடங்கியது. நியூட்ரல் மின்னோட்டத்தின் சிறு பகுதி ராடு வழியாகக் கசிந்ததே காரணம். அவரோ, ஆர்சிசிபி பழையது, தேவையில்லாமல் விழுகிறது என்று சொல்லி, அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுத்தார். (இதற்கும் தனியாகக் கூலி வாங்கினார்.) அதன் பிறகு ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுரீரென்றது. அப்போதுதான் வேறொரு எலெக்ட்ரீஷியனை அழைத்தேன்.

அவர் எர்த் டெஸ்டருடன் வந்து, இரண்டு துணை முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்து அளந்தார்: 180 ஓம். ராடு ஒரு மீட்டர்கூட இல்லை. காய்ந்த மணலில் நின்றிருந்தது. துண்டுக் கம்பி அப்படியே இருக்க, வெளியே நியூட்ரல் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டியபோது எனக்கு வியர்த்துவிட்டது. 1,000 வாட் ஹீட்டரின் மின்தடை சுமார் 53 ஓம். அதன் மின்னோட்டம் 180 ஓம் ராடு வழியாகத் திரும்ப வேண்டியிருந்தால், எர்த் இணைக்கப்பட்ட ஒவ்வோர் உலோக உடலிலும் ஏறக்குறைய 178 வோல்ட் நின்றிருக்கும். துண்டுக் கம்பியை மட்டும் எடுத்துவிடலாமா என்றேன். அப்போது மெஷின் உடலில் ஃபேஸ் பட்டால் 1.3 ஆம்பியர் அளவே ஓடும், 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அதை உணரவே உணராது என்றார். ராடை மட்டும் நம்பும் அமைப்பில் ஆர்சிசிபிதான் காவல். அதைத்தான் முன்னவர் கழற்றியிருந்தார்.

இணைப்பை நீக்கி, இரண்டு நீளமான ராடுகளை இடைவெளி விட்டு அடித்து, செம்புக் கம்பி இழுத்து, புதிய ஆர்சிசிபி பொருத்தினார். அளவு 45 ஓமுக்கு இறங்கியது. எண்களை எழுதிக் கையொப்பமிட்டும் கொடுத்தார். முன்னவரிடமும் இதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டி எர்த் சரியாக இருக்கிறது என்று யாரேனும் சொன்னாலும் ஏற்காதீர்கள்; எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.

செம்புக் கம்பியைத் திருப்பிக் கேட்டபோது, அது குப்பைக்குப் போய்விட்டதாக முன்னவர் சொன்னார்.