கடலோரக் குளம்: முகத்துவாரத்தை வெட்டுவதா, மதகு போடுவதா?

கடலோடு இணைந்த குளத்தில் மீன் செத்து மிதந்தால் முதலில் கேட்கும் குரல், முகத்துவாரத்தை, அதாவது குளம் கடலைச் சேரும் வாயை, வெட்டி விடுங்கள் என்பதுதான். சரி, வெட்டினால் பலன் உடனே தெரியும்: ஓதம் ஏறி இறங்கும்போது தண்ணீர் மாறும், ஆக்சிஜன் வரும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தாமாகவே உள்ளே வரும். ஆனால் கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து அடைத்துக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும். உப்பும் கடல்நீர் அளவுக்கு, லிட்டருக்கு 35 கிராம் வரை ஏறிவிட்டால் கரையோர நாணல் கருகிவிடும்.

மதகு என்றால் நீர்மட்டமும் உப்பும் ஓரளவு நம் கையில். ஆனால் மதகை அடைக்கும் பலகையை மேலே திறக்கிறோமா அடியில் திறக்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கனமான உப்புநீர் அடியில் தங்கி, ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மேல் பலகையை மட்டும் எடுத்தால் நல்ல தண்ணீர்தான் வெளியே போகும், கெட்டது அப்படியே கிடக்கும். அதனால் அடியில் திறக்கிற மதகுதான் வேண்டும், அதையும் கடல் வற்றும் வேளையில் திறக்க வேண்டும்.

நான் மதகின் பக்கம்தான், குஞ்சுகள் வரும் பருவத்தில் ஓதம் பார்த்துத் திறக்க ஆள் இருந்தால். ஆள் இல்லையா, வெட்டிய வாயே மேல். அப்புறம், எதைச் செய்தாலும் ஆக்சிஜனை விடியற்காலையில் அளந்து பாருங்கள், அப்போதுதான் அது மிகக் குறைவாக இருக்கும்.