அமெரிக்கப் பல்கலையில் நான்கு வருட ஆனர்ஸ்: முடித்து இரண்டு வருடம் கழித்து

பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. படிக்கும்போதே எழுத உட்கார்ந்திருந்தால் பாதி புலம்பல், பாதி தம்பட்டம் என்று போயிருக்கும். இப்போது சூடு ஆறிவிட்டது, எழுதலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் ஆனர்ஸ் என்றால் பி.ஏ. ஆனர்ஸ், பி.எஸ்சி. ஆனர்ஸ் என்று பட்டத்தோடு ஒட்டிய சொல். அமெரிக்கப் பல்கலைகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தாலும் அதன் மேல் ஏறும் இன்னொரு அடுக்கு அது. நான் படித்தது புள்ளியியல், ஒரு பெரிய அரசுப் பல்கலையில். பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட். அதற்குள் 24 கிரெடிட் ஆனர்ஸ் வகுப்புகளாக இருக்க வேண்டும், கடைசியில் ஒரு தீசிஸ், அதாவது ஆய்வேடு, எழுதி முடிக்க வேண்டும், ஜிபிஏ என்கிற மதிப்பெண் சராசரி 4க்கு 3.4க்குக் கீழே இறங்கக் கூடாது. பட்டமளிப்பு விழாவில் பெயருக்குப் பின்னால் வாசிப்பார்களே, சும்மா கம் லாடே என்று, அது வேறு கணக்கு. அது மதிப்பெண்ணை வைத்துத் தருவது. ஆனர்ஸில் இல்லாதவர்களுக்கும் உண்டு. (பெயரில்தான் சும்மா.) இந்த வித்தியாசத்தை மாமாவுக்கு போனில் மூன்று முறை விளக்கினேன். நான்காவது முறை "ஆமாம் மாமா, ரேங்க் மாதிரிதான்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

சேரும்போது காட்டிய சலுகைகளில் தினசரி வாழ்க்கையில் உண்மையாக உதவியது ஒன்றுதான்: வகுப்புகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்யும் உரிமை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் முப்பது இடமே உள்ள வகுப்புக்கு நூறு பேர் காத்திருக்கும் இடத்தில், மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்பே உள்ளே போய் உட்கார முடிவது பெரிய விஷயம். காலை எட்டு மணி வகுப்பு ஒன்றைக்கூட நான் எடுத்ததில்லை. தனி விடுதி, தனி படிப்பறை, அவ்வப்போது நடக்கும் விருந்தினர் உரைகள் எல்லாம் இருந்தன. விடுதியில் நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள், ஆனால் அது எந்த விடுதியிலும் கிடைத்திருக்கும். பட்டமளிப்பன்று கழுத்தில் போட ஒரு கயிறும் பதக்கமும் தந்தார்கள். மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவராக இருந்த ஃபிராங்க் ஐடலோட், ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்துவிட்டு வந்தவர். ஒரே வகுப்பில் எல்லோரையும் ஒரே வேகத்தில் ஓட்டுவது சரியில்லை என்பது அவர் கட்சி. 1922இல் அங்கே ஆனர்ஸ் முறையைத் தொடங்கினார். கடைசி இரண்டு வருடமும் சிறு செமினார்கள். முடிவில் தேர்வு வைப்பவர் பாடம் நடத்திய பேராசிரியர் இல்லை, வெளியிலிருந்து வருபவர். அந்த வெளித் தேர்வாளர் வழக்கம் ஸ்வார்த்மோரில் இன்றும் இருக்கிறது. இதை எனக்கு முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் நான் எதில் சேர்ந்திருக்கிறேன் என்று கொஞ்சம் புரிந்திருக்கும். பாடம் நடத்துகிறவரே மார்க் போடுகிறார் என்றால் அவருக்குப் பிடித்ததை எழுதுவோம். மார்க் வேறொருவர் கையில் இருந்தால் பேராசிரியர் நம் பக்கத்தில் வந்து நிற்கிறார். எங்கள் பல்கலையில் அப்படி இல்லை. பெயர் ஆனர்ஸ்தான், மார்க் அதே கையில்தான். தேசிய அளவில் 1966 முதல் ஓர் ஆனர்ஸ் கவுன்சில் இயங்குகிறது, ஆனால் அது யாருக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. அதனால் ஒரு பல்கலையில் ஆனர்ஸ் என்பதும் இன்னொரு பல்கலையில் ஆனர்ஸ் என்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

எனக்கு நிஜமாகக் கிடைத்தது முதல் செமஸ்டரின் செமினார். பதினான்கு பேர், ஒரு நீள்வட்ட மேஜை, வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாறு என்பது பாடம். எண்கள் என்றால் எனக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். எண்களே வரவில்லை. கணக்கெடுப்பவர் வாசலில் நின்று என்ன கேட்டார், எந்தப் பெட்டியில் டிக் செய்தார், அந்தப் பெட்டியை யார் வரைந்தது என்பதுதான் பேச்செல்லாம். மதிப்பெண்ணில் கால் பங்கு வகுப்பில் பேசுவதற்கு. பேசினால் மார்க் என்பது எனக்குப் புதிது. பேசினால் வெளியே போ என்றுதான் பள்ளியில் பழகியிருந்தேன். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. சொல்ல நினைத்ததை மனதுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு நான்கு பேரைத் தாண்டிப் போயிருக்கும்.

பேராசிரியர் தன் அறைக்கு வரச் சொன்னார். திட்டு விழும் என்று போனேன். அடுத்த வாரம் முதல் கேள்வியை நீதான் கேட்க வேண்டும், இரண்டு நாள் முன்னதாக எழுதி எனக்கு அனுப்பிவிடு என்றார். அவ்வளவுதான் ஏற்பாடு. முதலில் பேசிவிட்டால் அப்புறம் பேசுவது அத்தனை பயமாக இல்லை என்பதை அந்த மனிதர் எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது நான் எழுதியது நான்கு பக்கம், ஓரத்தில் அவர் எழுதியது கூட்டினால் இரண்டு பக்கம் தேறும். நான் 'என்று கருதப்படுகிறது' என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம் போட்டு "கருதியது யார்?" என்று கேட்டிருந்தார். ஏழு வட்டங்கள். பன்னிரண்டு வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தும், நான் எழுதிய ஒன்றை யாரும் அத்தனை மெதுவாகப் படித்ததில்லை.

எல்லா ஆனர்ஸ் வகுப்பும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேல் வகுப்புகளில் ஆனர்ஸ் பிரிவே இல்லாத பாடங்களுக்கு 'கான்ட்ராக்ட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சாதாரண வகுப்பிலேயே படித்து, பேராசிரியரோடு பேசி ஒரு கூடுதல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் அந்த மூன்று கிரெடிட்டும் ஆனர்ஸாக மாறும். என்ன கூடுதல் வேலை என்பது முழுக்க அந்தப் பேராசிரியரின் மனநிலை. ஒருவர் என்னிடம் பாடப் புத்தகத்திலிருந்து இன்னும் இருபது கணக்குகள் போட்டு வரச் சொன்னார். போட்டேன். வாங்கிப் புரட்டினார், சரி என்றார், கையெழுத்து விழுந்தது. ஆழம் கிடைத்ததா? மணிக்கட்டு வலி கிடைத்தது. இன்னொருவர், வகுப்பில் நிரூபித்த ஒரு தேற்றத்தில் ஒரு நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டு அது எங்கே உடைகிறது என்று கணினியில் செய்து காட்டச் சொன்னார். ஆறு வாரம் மண்டையைக் குடைந்தது. இரண்டுக்கும் சான்றிதழில் ஒரே எழுத்துதான், ஆனர்ஸைக் குறிக்கும் எச்.

இனி எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். மூன்றாவது செமஸ்டர் முடிவில் என் ஜிபிஏ 3.47. நான்காவதில் ரியல் அனாலிசிஸ் எடுத்தேன். புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் எடுக்கும் கணிதப் பாடம், கடினமும்கூட. சி பிளஸ் வந்தது. மொத்தம் 3.38 ஆனது. கோடையில் ஆனர்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: ஒரு வருடத்துக்குக் கண்காணிப்பில் வைக்கிறோம், அதற்குள் 3.4க்கு மேல் வராவிட்டால் நீக்கப்படுவீர்கள். மரியாதையான கடிதம்தான், யாரும் திட்டவில்லை. ஆனால் அந்த 0.02 என்னை என்ன செய்தது தெரியுமா? அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்து வைத்திருந்த, ரியல் அனாலிசிஸின் அடுத்த படியான அளவைக் கோட்பாட்டு (மெஷர் தியரி) வகுப்பை அன்று இரவே எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஏ போடுபவர் என்று பெயர் வாங்கிய ஒருவரின் அறிமுக வகுப்பைச் சேர்த்தேன். முன்கூட்டிப் பதிவு செய்யும் சலுகை அதற்கும் பயன்பட்டது.

கடினமானதைத் தொட்டுப் பார் என்று சொல்லிச் சேர்க்கும் திட்டம், தொட்டுச் சுட்டுக்கொண்டவனுக்குச் சீட்டு அனுப்புகிறது. எங்கள் மாடியில் ஆனர்ஸில் சேர்ந்த இருபத்திரண்டு பேரில் தீசிஸ் வரை வந்தவர்கள் ஒன்பது பேர். மீதிப் பேர் எல்லோரும் படிக்க முடியாமல் போனவர்கள் இல்லை. பொறியியல் படித்த இரண்டு பேர் எனக்குத் தெரிந்து எங்களைவிடப் புத்திசாலிகள். அவர்கள் மேஜரில் ஏ வாங்குவதே குதிரைக்கொம்பு, 3.4 என்ற கோடு மட்டும் எல்லா மேஜருக்கும் ஒன்றுதான்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆனர்ஸ் அலுவலகம் வாரந்தோறும் ஆராய்ச்சி வாய்ப்புகளின் பட்டியல் அனுப்பும். முதல் வருடம் ஆசையோடு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தேசிய அறிவியல் நிறுவனம் பணம் தரும் இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டங்கள், கோல்ட்வாட்டர் உதவித்தொகை போன்றவை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். மாணவர் விசாவில் இருப்பவருக்கு இல்லை. வளாகத்துக்குள் வேலை, அதுவும் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாமல், என்பதுதான் நமக்கு. சேர நினைப்பவர்கள் பல்கலையின் சொந்தப் பணத்தில் இயங்கும் ஆராய்ச்சி உதவி ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். எங்களுக்கு ஒன்று இருந்தது. மூன்றாம் வருடம்தான் கண்ணில் பட்டது.

தீசிஸுக்கு வருகிறேன். என் தலைப்பு வளாகப் பேருந்து. பெரிதாக யோசித்தெல்லாம் எடுக்கவில்லை. தினமும் நின்று நின்று கால் வலித்ததில் வந்த யோசனை. அட்டவணையில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று போட்டிருக்கும். அப்படியானால் சராசரியாக ஐந்து நிமிடம்தானே நிற்க வேண்டும்? நிற்பவர்களுக்குத் தெரியும், அதற்கு மேல்தான். இது மனப்பிரமை இல்லை, கணக்கே அப்படித்தான். ஒரு பஸ் 5 நிமிடத்திலும் அடுத்தது 15 நிமிடத்திலும் மாறி மாறி வந்தால் சராசரி இடைவெளி பத்துதான். ஆனால் நாம் போய் நிற்கும் நேரம் அந்த நீண்ட இடைவெளிக்குள் விழுவதற்கு மூன்று மடங்கு வாய்ப்பு. போட்டுப் பார்த்தால் சராசரிக் காத்திருப்பு 6.25 நிமிடம். இடைவெளிகள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றனவோ அவ்வளவு ஏறும். பேருந்துகளின் ஜிபிஎஸ் பதிவுகளை வாங்கி, எந்த நிறுத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அட்வைசர் வாரம் அரை மணி நேரம் தந்தார். அந்த அரை மணியை ஒரு முறைகூட அவர் தள்ளிப் போட்டதில்லை. நான்தான் இரண்டு முறை காய்ச்சல் என்று பொய் சொன்னேன். நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்றபோது, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். கறுப்பின நோயாளிகளைச் சிகிச்சை தராமலே வைத்துக் கவனித்த டஸ்கீகி சிபிலிஸ் ஆய்வின் கொடுமை 1972இல் வெளியே வந்து, 1974இல் சட்டம் இயற்றப்பட்ட பிறகு இறுகிய முறை இது. எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்கவா இத்தனை படிவம் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. ஒப்புதலுக்கு ஐந்து வாரம் ஆனது. தீசிஸ் எழுதப் போகிறவர்கள் இந்த ஐந்து வாரத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்க்காததால் தரவு சேகரிப்பு கடும் குளிரில் போய் விழுந்தது. கையுறையோடு நிற்பவர்களிடம் கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டாவது வாசிப்பாளர் வேறு துறையிலிருந்து வர வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் செமஸ்டர் செமினார் பேராசிரியரையே கேட்டேன், ஒத்துக்கொண்டார். சூத்திரங்களை அவர் தொடவே இல்லை. நாற்பது நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்று கேட்டார்: "ஜிபிஎஸ் பஸ்ஸைத்தானே பதிவு செய்கிறது? நின்று பார்த்துவிட்டு நடந்தே போனவர் எங்கே இருக்கிறார்?" என் தரவில் அவர் இல்லை. என் கருத்துக்கணிப்பிலும் இல்லை, ஏனென்றால் நான் கேட்டது நின்றுகொண்டிருந்தவர்களை மட்டும். மிக நீளமாகக் காத்திருக்க நேர்ந்தவர்கள்தான் போயிருப்பார்கள், ஆக என் எண் குறைவாகத்தான் இருக்கும். இதை அங்கேயே வாய்விட்டு யோசித்துச் சொன்னேன், திக்கித் திக்கி. தேர்ச்சி என்றார்கள். அந்தக் கேள்விக்காக ஓர் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்.

வேலைக்கான நேர்காணல்களில் ஆனர்ஸ் என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு வரி, அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். பஸ்ஸைப் பற்றி மட்டும் மூன்று பேர் கேட்டார்கள், அதில் ஒருவர் அரை மணி நேரம். மேற்படிப்புக்கு விண்ணப்பித்த நண்பர்கள் பரிந்துரைக் கடிதம்தான் பெரிய லாபம் என்கிறார்கள். வாரம் ஒரு முறை வருடக் கணக்கில் நம்மைப் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கும், முந்நூறு பேர் வகுப்பில் ஏ போட்டவர் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

இப்போது சேரப் போகும் ஒரு தங்கை முறைப் பெண் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று கேட்டாள். சலுகைப் பட்டியலை விட்டுவிடு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தீசிஸ் முடிக்கிறார்கள் என்று கேள், செமினார்களை முழுநேரப் பேராசிரியர்கள் நடத்துகிறார்களா என்று கேள் என்றேன். ஜிபிஏ ஒரு செமஸ்டர் சறுக்கினால் என்ன செய்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அளவைக் கோட்பாடு இப்போது மாலை வகுப்பில் படிக்கிறேன், மார்க் இல்லாமல். பிடித்திருக்கிறது.

தீசிஸின் ஒரு பிரதியை வளாகப் போக்குவரத்துப் பிரிவுக்கும் அனுப்பி வைத்திருந்தேன். பதில் வரவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நிறுத்தத்தில் அட்டவணையைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். பதினேழு நிமிடம் நின்றேன்.