சைக்ஸ் வீட்டுக்கு வந்த கேடயம்: 29 பவுண்டு குடும்பப்பெயர்ச் சட்டகம்

வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் 11 வருடமாக வீடு வீடாகத் தபால் போடுகிறேன். சைக்ஸ் என்ற பெயர் இல்லாமல் என் பை ஒரு நாளும் கிளம்பியதில்லை. ஆர்மிடேஜ், ஹர்ஸ்ட், டைசன் என்று இந்தப் பக்கத்துப் பெயர்கள் இன்னும் உண்டு, ஆனாலும் சைக்ஸுக்கு ஈடில்லை. எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரும் ஒரு சைக்ஸ்தான். அவருக்காக எல்லோரும் காசு போட்டு, பெயரின் வரலாற்றை அச்சடித்துக் கண்ணாடி போட்டுத் தரும் ஆன்லைன் கடை ஒன்றில் வாங்கினோம்.

பார்சல் கட்டியிருந்த விதத்தில் குறை சொல்ல முடியாது. தினமும் நூறு பார்சல் தூக்குகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

குறை சட்டகத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. 'சைக்ஸ் குடும்பச் சின்னம்' என்று பெரிய கேடயம். அதில் நீலமும் வெள்ளையுமாக அலை போட்ட மூன்று வட்டங்கள். அந்த வட்டத்துக்குச் சின்னவியலில், அதாவது கேடயச் சின்னங்களைப் பற்றிய துறையில், 'சைக்' என்றே பெயருண்டு, ஓடை நீரைக் குறிப்பது. அழகான சிலேடைதான். ஆனால் இங்கிலாந்தில் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயருக்கு உரியதல்ல. சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும், 1484இல் ஏற்பட்ட சின்னங்களின் கல்லூரியே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இந்தக் கேடயம் கிழக்கு யார்க்‌ஷயரில் ஸ்லெட்மியர் மாளிகைக்காரர்களுடையது. மத்திய கிழக்கைப் பிரிட்டனும் பிரான்சும் பங்குபோட்ட 1916 சைக்ஸ்-பிகோ ஒப்பந்தத்தின் மார்க் சைக்ஸ் அந்த வீட்டுப் பிள்ளை. நம் பெரியவர் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா மில்லில் தறி ஓட்டினவர்ப்பா" என்று சிரித்தார்.

பெயர் பிறந்த கதைக்கு நாலே வரி. 'சைக்' என்றால் சிற்றோடை, வயலுக்கு வயல் எல்லையாக ஓடும் வாய்க்கால். அதன் ஓரம் குடியிருந்தவருக்கு அதுவே பெயர். இது சரி. ஆனால் சொல்லவேண்டிய சுவையான விஷயத்தை விட்டுவிட்டார்கள். ஓடைகள் ஆயிரம் இருக்க, பெயரும் பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் பெயர்க்காரர்கள் 48 பேரின் ஒய் குரோமோசோமை (குடும்பப்பெயர் போலவே அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் மரபணுத் தொகுதி) பார்த்து 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரே அமைப்பு. தற்செயலாக அப்படி அமையாது. ஒரே மூதாதை என்பது அவர் முடிவு. மீதிப் பேர் தத்து, கள்ள உறவு, தாய்வழிப் பெயர் என்று எழுநூறு வருடத்தில் வந்து சேர்ந்திருக்கலாம்.

பணத்துக்கு மதிப்பு வலப்பக்கம்தான்: இரண்டு வரைபடம். ஒன்று 1881 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து. ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றி ரத்தச் சிவப்பு, தெற்கே போகப்போக வெளிறல். மற்றது இன்றையது. சிவப்பு லங்காஷயர், லண்டன் பக்கம் கொஞ்சம் தெளித்திருக்கிறது, ஆனால் அடர்த்தி அதே இடத்தில். கம்பளி நெசவு வீட்டிலிருந்து மில்லுக்குப் போனபோதும் வேலை இதே பள்ளத்தாக்குகளில்தான் கிடைத்தது. ஊரை விட்டு ஏன் கிளம்பப் போகிறார்கள்? பெரியவர் அந்தச் சிவப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

5க்கு 3 நட்சத்திரம். வரைபடம் மட்டும் தனியாக 14 பவுண்டுக்கு அதே கடையில் இருக்கிறதாம், வாங்கின பிறகுதான் பார்த்தோம்.