கருப்புக் கவுனியா, கோ 57-ஆ?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி இல்லாமல் முடியாது. இப்போது அந்தக் கருப்பு அரிசிக்கு இரண்டு நெல் இருக்கிறது: பழைய கவுனி ஒன்று, கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட கோ 57 இன்னொன்று.

பழைய கவுனி ஆளுயரம் வளரும். உரம் கொஞ்சம் கூடினாலோ, ஐப்பசி அடைமழை அடித்தாலோ படுத்துவிடும். படுத்த கதிரை அறுவடை இயந்திரம் ஒழுங்காக வாராது. பகல் குறுகினால்தான் பூக்கும் என்பதால் சம்பாப் பருவத்தைத் தவிர வேறு பட்டம் சரிப்படாது. ஆனால் வைக்கோல் தாராளம். மாடு வைத்திருப்பவருக்கு அதுவே பாதி லாபம்.

கோ 57-க்கு 130 முதல் 135 நாள். எந்தப் பட்டத்திலும் வரும். மகசூல் கிட்டத்தட்ட இரு மடங்கு என்கிறது பல்கலைக்கழகம். இது வீரிய ஒட்டு ரகம் இல்லை, அதனால் கலப்பில்லாமல் அறுத்தால் விதையை நாமே எடுத்து வைக்கலாம். ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டுமோ என்று பலர் விசாரிக்காமலேயே பயப்படுகிறார்கள்.

சமையலில்? கவுனியை ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீர் கருஊதாவாக இறங்கும். அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தால்தான் நிறம் நிற்கும். அப்புறம் சர்க்கரை, தேங்காய், நெய்.

கண்மாய்த் தண்ணீர் தை வரை நிற்குமா என்று தெரியாத ஊரில், பகல் குறுகும்வரை காத்திருக்கும் பழைய கவுனியை நம்பாமல் நான் கோ 57-ஐத்தான் போடுவேன். வரப்போரம் ஒரு பாத்தி மட்டும் பழைய கவுனிக்கு. அடுத்த ரகத்தை உருவாக்கவும் அந்த விதைதானே வேண்டும்.