இறுகிய தசைக்கு கீகல் வேண்டாமாம்: அடையாறில் 8 தடவை பிசியோதெரபி

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அடிவயிற்றில் ஒரு வலி; உட்கார்ந்தால் இன்னும் கூடும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "சரியாகிடும்மா" என்றே 2 வருஷம் ஓடியது. கடைசியில் மகப்பேறு டாக்டர்தான் அடையாறில் உள்ள இந்த பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார்.

நான் யூடியூப் பார்த்து தினமும் கீகல் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி விடுவது, செய்துகொண்டிருந்தேன். பிசியோ மேடம் முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்தவர்களுக்குத்தான் அது. எனக்கோ இறுகிக் கிடக்கிறதாம், மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யுமாம். கையை இறுக்கி மூடி, மெல்ல விரித்துக் காட்டினார். "இந்த விரிக்கிறதைத்தான் நீங்க கத்துக்கணும்." உள்ளே விரல் வைத்துப் பரிசோதிக்கும் முன், சரியா என்று கேட்டார், வேண்டாமென்றால் எப்போதும் நிறுத்தலாம் என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள்.

வீட்டுப் பாடம், முட்டியை மடக்கிப் படுத்து வயிறு உப்ப மூச்சு இழுப்பது. "இதுக்கா காசு?" என்றார் மாமியார். 6-வது வாரம் வேளச்சேரி வரை பஸ்ஸில் உட்கார்ந்தே போனேன்.

ஒரே குறை: வரவேற்பில் எல்லோர் முன்னாலும் "என்ன கம்ப்ளைன்ட்?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். முதுகு வலி என்று சொல்லிவைத்தேன்.