ஆன்கியும் கட்டம் போட்ட நோட்டும்: நின்று நின்று தொடர்ந்த கான்ஜிப் படிப்பு

ஆன்கி என்ற ஞாபகக் கார்டு ஆப்பைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் பலர் முதல் மூன்று மாதத்துக்குள் எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தினம் இருபது புதுக் கார்டு, புள்ளிவிவரப் பக்கத்தில் ஒரு நாள்கூட விடாமல் நிறம் ஏறிய நாள்காட்டி, ‘நமக்கும் ஞாபகசக்தி இருக்குபோல’ என்று ஒரு தெம்பு. நான் 2019 கடைசியில் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்கும் அதே ஆப், அதே கணக்கு. நடுவில் படிப்பு பல முறை நின்றுபோனது. ஆன்கி ஓடுகிறபோது எப்படி இருக்கும் என்று நிறையப் பேர் எழுதியாயிற்று. நின்றுபோனதை மறுபடி கிளப்ப அது எவ்வளவு உதவுகிறது என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சரியாகச் சொன்னால் அந்தக் கார்டு சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம், அப்புறம் சில மாதம். மறந்தால் சீக்கிரமே திரும்பி வரும். மறக்கப்போகிற நேரம் பார்த்து ஞாபகப்படுத்துவதுதான் சூட்சுமம். 2006இல் வந்த மென்பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு.

கான்ஜிக்கு, அதாவது ஜப்பானிய மொழியில் புழங்கும் சீன வழி எழுத்துகளுக்கு, இது ஏன் வேண்டியிருக்கிறது என்றால், அளவு அப்படி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு 2010இல் திருத்திய பட்டியலில் 2,136 எழுத்துகள். அங்கே பள்ளிப் பிள்ளைகள் முதல் வகுப்பில் 80 எழுத்தும், ஆறு வகுப்பும் முடிப்பதற்குள் 1,026 எழுத்தும் படிக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அந்த மொழியைப் பேசுகிற பிள்ளைக்கே ஆறு வருடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வேன். தமிழ்க்காரர்களுக்கு ஜப்பானிய இலக்கணம் அவ்வளவு கஷ்டமில்லை. வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டு வரும். இரண்டும் உறவு மொழிகள் என்றே சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியானாலும் அந்த உறவு கான்ஜி விஷயத்தில் கைகொடுக்காது.

என் வீடு கல்லிடைக்குறிச்சி. வேலை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். செங்கோட்டை பாசஞ்சரில் போய்வருகிற நேரம்தான் படிப்பு. வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி வரைக்கும் பழைய கார்டுகள். பேட்டை வந்தால் போன் பைக்குள் போய்விடும். நடுவில் பல இடங்களில் டவர் கிடைக்காது, ஆனால் ஆன்கிக்கு நெட் தேவையில்லை. அலுவலகம் போனபின் ‘சிங்க்’ அழுத்தினால் போதும். இந்த ஒரு குணத்துக்காகவே, மாதச் சந்தா கட்டிப் படிக்கும் ஆப்களைவிட இதை மேலாக நினைக்கிறேன்.

ஒருநாள் எதிர் சீட்டில் இருந்த அண்ணாச்சி வெகுநேரம் என் போனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, இது எந்த ஊரு எழுத்து?”

“ஜப்பான் அண்ணாச்சி.”

“எத்தன எழுத்து இருக்கு?”

“ரெண்டாயிரத்துச் சொச்சம்.”

“நம்ம இருநூத்தி நாப்பத்தேழே எம்மவனுக்கு ஏறமாட்டேங்கு. ஜப்பானுக்குப் போகப் போறியாக்கும்?”

இல்லை என்றேன். பிறகு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் கேட்காத நாளில்லை.

சரி, தடங்கல்களுக்கு வருவோம். முதல் தடங்கல் எல்லாருக்கும் வந்ததுதான். 2020 ஜூலை ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை கொரோனாவால் உலகம் முழுக்க ரத்து செய்தார்கள். ரயிலும் இல்லை. தேர்வும் பயணமும் ஒன்றாகப் போனதும் படிப்புக்கு நேரமும் காரணமும் இரண்டுமே இல்லாமல் போயின. ஆப்பைத் திறக்காமல் விட்ட நாள்கள் மாதங்களாயின.

அடுத்தது 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையேறி ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று புகுந்துவிட்டது. எங்கள் அலுவலகம் தரைத்தளம். தண்ணீர் வடிந்தபின் ஃபைல்களை உலர்த்துவதே பல வாரத்துக்கு எங்கள் வேலையாக இருந்தது. என் மேஜையின் அடி டிராயரில் நான் கான்ஜி எழுதிப் பழகிய கட்டம் போட்ட நோட்டுகள் இருந்தன. எடுத்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கனத்த பலகையாக இருந்தது. மாடியில் காயப்போட்டு, விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இங்க் பேனாவில் எழுதிய பக்கங்களில் நீலக் கறை மட்டும் மிச்சம். பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை அப்படியே இருந்தன, கட்டத்தின் அச்சுக்கோடு வெளுத்துப்போய் எழுத்து மட்டும் தனியாக நின்றது. அதற்கப்புறம் இங்க் பேனா தொடுவதில்லை.

ஆன்கி பத்திரமாக இருந்தது, அதெல்லாம் சர்வரில் இருக்கிறது. ஆனால் பல வாரம் கழித்துத் திறந்தபோது பார்க்க வேண்டிய கார்டுகளின் எண்ணிக்கை நான்கு இலக்கம். ஆன்கியை விட்டவர்களில் பாதிப்பேர் விடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். படிக்கக் கஷ்டமாக இருந்து விடுவதில்லை, அந்த எண்ணைப் பார்த்து விடுகிறார்கள். கந்துவட்டிக்கு வாங்கியவன் தெருமுனையில் ஆளைப் பார்த்ததும் சந்துக்குள் திரும்புவது மாதிரி, ஆப்பின் ஐகானைப் பார்த்தாலே விரல் விலகிப் போகும்.

ஆனால் கணக்குப் பார்த்தால் அங்கே வட்டியே கிடையாது, அசல் மட்டும்தான். உங்களிடம் ஆயிரம் கார்டு இருந்தால் ஒரு வருடம் போகாவிட்டாலும் பாக்கி ஆயிரம்தான். அதற்கு மேல் ஏறாது. இன்னொன்று, இருபது நாளில் பார்க்க வேண்டிய கார்டை அறுபது நாள் கழித்துப் பார்த்தும் ஞாபகம் இருந்தால், அந்தத் தாமதத்தையும் ஆன்கி கணக்கில் எடுத்து அடுத்த இடைவெளியைக் கூட்டிக் கொடுக்கும். அதாவது விட்ட நாள்களிலும் நினைவில் நின்ற கார்டுகளுக்கு லாபமே. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் இந்தப் பகிர்வில் எனக்குச் சொல்ல இருக்கிற ஒரே கண்டிப்பான விஷயம்.

நான் செய்தது: புதுக் கார்டு பூஜ்யம். ஒரு நாளைக்கு மறுபார்வை உச்சவரம்பு அறுபது. ஆன்கி தானாக வைத்திருப்பது இருநூறு, வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அதிகம். உச்சவரம்பு வைத்ததும் திரையில் நான்கு இலக்கம் மறைந்து அறுபது என்று காட்டும். பாக்கி குறைந்துவிடவில்லை என்று தெரியும், இருந்தாலும் விரல் ஐகானுக்குப் போகும். வரிசையை மாற்றும் அமைப்பில் இடைவெளி சிறியவை முதலில் என்று வைத்தேன். புதிதாகப் படித்து அரைகுறையாக நின்றவை முதலில் சரியாகின. இடைவெளி பெரியவை காத்திருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. வெயில் காலம் வருவதற்குள் பாக்கி தீர்ந்தது.

மற்றபடி ஆன்கியால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அதற்கு ஒரு குடும்பத்தைக் காட்டுகிறேன். பௌத்தக் கோயிலுக்கு ஒரு கான்ஜி. மேலே மண், கீழே சின்ன அளவைக் குறிக்கும் ஒரு துண்டு. இந்தக் கோயிலை வலப்பக்கம் வைத்து, இடப்பக்கம் வேறு வேறு துண்டு சேர்த்தால் வேறு வேறு எழுத்து. சூரியன் வந்தால் நேரம். கை வந்தால் வைத்திருத்தல். ஆள் வந்தால் சாமுராய். மாடு வந்தால் சிறப்பு. பேச்சு வந்தால் கவிதை. நடப்பதைக் குறிக்கும் துண்டு வந்தால் காத்திருத்தல். நேரம், வைத்திருத்தல், சாமுராய் மூன்றுக்கும் சீன வழி உச்சரிப்பு ‘ஜி’. கவிதைக்கு ‘ஷி’. மற்ற இரண்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காதவை.

போனில் வேகமாகத் தட்டும்போது கண் வலப்பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘ஆங், கோயில்’ என்று நின்றுவிடும். காத்திருத்தலும் வைத்திருத்தலும் மாறி மாறித் தப்பாகும். ஒரு கார்டு எட்டு முறை மறந்தால் ஆன்கி அதற்கு முத்திரை குத்தும், அமைப்பில் அப்படி வைத்திருந்தால் ஓரமாக நிறுத்தியும் வைக்கும். என்னிடம் அப்படி நின்றவற்றில் இந்தக் குடும்பத்தார் பலர். அவர்களை நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சூரியன் உச்சிக்கு வந்தால் உச்சிகால பூஜை, அது நேரம். கையில் அர்ச்சனைத் தட்டு, அது வைத்திருத்தல். வாசலில் காவல் நிற்கிற ஆள் சாமுராய். மாடு என்றால் அங்கே இருக்கிற அந்தப் பெரிய நந்தி, சிறப்புக்குக் கேட்க வேண்டுமா. ஓதுவார் வாயிலிருந்து வருவது கவிதை. கூட வந்தவர்கள் அம்மன் சன்னதியில் நிற்க, நாம் பிரகாரத்தில் நடந்துகொண்டே இருப்பது காத்திருத்தல். அடுத்தவர் எழுதிவைத்த ஞாபகக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு அவை ஒரு வாரம்கூட நிற்பதில்லை. இது நிற்கிறது.

கதையோடு சேர்த்து நோட்டில் எழுதவும் வேண்டும். தேர்வில் எழுதும் பகுதியே கிடையாது, விடைத்தாளில் வட்டம் கறுப்பாக்குவதுதான். அதனால் எழுதுவது வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. எழுத்து அழகுக்காக என்றால் வீண்தான். ஆனால் எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்பதைக் கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் கண் ஏமாறுவது குறைகிறது. எல்லா எழுத்தையும் எழுத நேரம் கிடையாது. ஆன்கி ஓரங்கட்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இன்னொரு தொல்லை பழைய கணக்கு முறையில் இருந்தது. ஒரு கார்டை மறந்து ‘அகெய்ன்’ பட்டனை அழுத்தினால் அதன் பெருக்கல் விகிதம் (அடுத்த இடைவெளி எத்தனை மடங்காகும் என்ற சதவீதம்) இருபது புள்ளி இறங்கும், ‘ஹார்டு’ என்றால் பதினைந்து. 250இல் தொடங்கி 130இல் போய் அடிமட்டத்தில் நின்றால், நன்றாகத் தெரிந்த பிறகும் அந்தக் கார்டு ஓயாமல் வந்து நிற்கும். 2023 கடைசியில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புது முறை சேர்ந்தது. பழைய பதிவுகளைப் பார்த்து உங்கள் மறதிக்கு ஏற்ப இடைவெளி போடும். நான் மாறிய பிறகு தினசரி எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிய இறங்கியது. எவ்வளவு சதவீதம் ஞாபகம் இருந்தால் போதும் என்பதை நாமே வைக்கலாம். தொண்ணூறு என்று இருந்ததை நான் எண்பத்தைந்தாக்கினேன். ஒன்று மட்டும் கவனம்: மறந்துபோன கார்டுக்கு ‘ஹார்டு’ அழுத்தாதீர்கள். அதை ‘தெரியும், ஆனால் கஷ்டப்பட்டது’ என்றே அது எடுத்துக்கொள்ளும்.

2024 ஜூலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய் ஜேஎல்பிடியின் நடு நிலையான என்3 எழுதினேன். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 60. மொத்தம் 95 வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19 வேண்டும். எனக்கு மொத்தம் 101, வாசிப்பில் 18. அதாவது தோல்வி. அப்பாவுக்கு இந்தக் கணக்கை விளக்கியபோது, “நூத்தொண்ணு எடுத்தும் ஃபெயிலா? போய் ரீவேல்யுவேஷன் போடு” என்றார்.

எழுத்து எழுத்தாகத் தெரிந்ததும் பத்தியாக வாசிக்க முடிவதும் வேறு வேறு. தனிக் கான்ஜி கார்டுகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவைத்துவிட்டு, சொற்களையும் சிறு வாக்கியங்களையும் கார்டாக்கினேன். எந்த நிலைக்கு எந்தக் கான்ஜி என்ற அதிகாரபூர்வப் பட்டியலை 2010க்குப் பிறகு அவர்கள் வெளியிடுவதேயில்லை. ஆகவே இணையத்தில் கிடைக்கிற ‘என்3 பட்டியல்’ எல்லாம் உத்தேசம்தான், அதை முடித்தால் தேர்வு முடிந்தது என்று நம்ப வேண்டாம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேயின் எளிய ஜப்பானியச் செய்திகளில் தினம் ஒன்று, கான்ஜியின் தலைமேல் இருக்கும் உச்சரிப்பு எழுத்தை மறைத்து வாசித்தேன். அடுத்த முறை வாசிப்பில் 31 வந்தது, தேறிவிட்டேன்.

இப்போது தினம் ஐந்து புதுக் கார்டு, அதற்கு மேல் கிடையாது. கணக்கு முடிக்கிற செப்டம்பரில் அதுவும் பூஜ்யம். விடாமல் ஓடிய நாள்கள் எத்தனை என்று பார்ப்பதை விட்டுவிட்டேன், அது என் அலுவலக வேலைக்கு ஒத்துவராது.

ஆப்பின் தோற்றம் சுமார்தான். அமைப்புப் பக்கத்தில் இருக்கிற பாதி விஷயம் புரியாது, புரிந்துகொள்ளவும் வேண்டாம். மேலே சொன்ன நான்கைந்தைத் தொட்டால் போதும். தயாராகக் கிடைக்கும் கார்டுக் கட்டுகளை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் படிக்கப் படிக்கத் தேவையில்லாததைக் கழித்துக்கொண்டே வாருங்கள். நோட்டு வாங்கும்போது கட்டம் ஒரு சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு நோட்டின் சின்னக் கட்டத்தில் கிழமையைக் குறிக்கும் எழுத்தின் பதினெட்டுக் கோடுகளும் அடங்காது.