பெயிண்டா, தெர்மோவா? கோடு போடும் மேஸ்திரியின் கணக்கு

பெயிண்ட் மலிவு, சூட்டில் உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக் (சுருக்கமாகத் தெர்மோ) நீடித்து உழைக்கும். சாலைக் கோடு பற்றிய பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். டெண்டர் எழுதுகிறவருக்கு அது போதும். ஆட்களைச் சாலையில் இறக்கும் மேஸ்திரிக்குக் கேள்வி வேறு: வேலை முடியும்வரை என் ஆட்கள் எங்கே நிற்பார்கள், கையில் என்ன இருக்கும்?

நீண்ட கோடுகளுக்கு லாரியில் பொருத்திய பெயிண்ட் இயந்திரம் ஓடிக்கொண்டே தெளித்துவிடும். அம்புப் பலகையும் மோதலைத் தாங்கும் அமைப்பும் கொண்ட காவல் வண்டி பின்னால் வரும். ஒருவரும் தரையில் கால் வைக்க வேண்டியதில்லை. தெர்மோவிலும் லாரி இயந்திரங்கள் உண்டு. ஆனால் சிறிய குழுக்களிடம் இருப்பது கையால் தள்ளும் வண்டிதான். தள்ளுகிறவரின் கண் கோட்டின்மேல் இருக்கும், வரும் வாகனத்தைப் பார்க்கவே மாட்டார். அதனால் தடத்தை முழுதாக மூடாமல் அந்த வண்டியை இறக்கக் கூடாது என்பது என் கட்சி. எச்சரிக்கைப் பலகை முதலில், பிறகு கூம்புகள், வாகனம் வரும் பக்கத்திலிருந்து வரிசையாக. எடுக்கும்போது கடைசியில் வைத்ததுதான் முதலில் வர வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால், கூம்பு எடுக்கிறவர் பாதுகாப்பில்லாமல் நடுச்சாலையில் நிற்பார்.

கையில் இருப்பதைப் பார்த்தால் தெர்மோதான் பயமுறுத்தும். பாய்லரில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கிற சரக்கு அது. நனைந்த தெர்மோ மூட்டையைப் பாய்லரில் கொட்டினால் நீர் சட்டென்று ஆவியாகிக் குழம்பைத் தூக்கி அடிக்கும். பர்னரை அணைத்துவிட்டு, முகக் கவசமும் முழுக்கை உடையும் கையுறையும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தோலில் ஒட்டிவிட்டால் பிய்க்கவே கூடாது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியில் தண்ணீர்க் கேன் இல்லையென்றால் பர்னரைப் பற்றவைக்கவே விடாதீர்கள்.

பெயிண்ட் சாது என்று நினைப்பதுதான் ஆபத்து. காற்று கலக்காமல் அழுத்தத்தாலேயே பெயிண்டைத் தெளிக்கும் ஏர்லெஸ் இயந்திரத்தில், அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டை (பிஎஸ்ஐ) தாண்டும். பெயிண்ட் வெளிவரும் நாசில் முனை அடைத்தால் விரலால் துடைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தோலைத் துளைத்துப் பெயிண்ட் உள்ளே போனால் வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். தாமதித்தால் விரலே போகலாம். அடைப்பு எடுக்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, தெளிப்புத் துப்பாக்கியின் விசையைப் பூட்டச் சொல்லுங்கள்.

காய்கிற நேரத்தில் தெர்மோ ஜெயிக்கிறது. சுமார் 3 மில்லிமீட்டர் கனம் இருந்தாலும் ஆறினால் போதும், சில நிமிடங்களில் இறுகிவிடும். நீர் சார்ந்த பெயிண்ட் காற்றில் ஈரம் கூடினால் காயாமல் கிடக்கும். அதுவரை கூம்புக் காவலுக்கு ஆட்கள் நிற்க வேண்டும். ஆனால் தெர்மோவுக்குத் தரையின் ஈரம் எதிரி, கோடு கொப்புளித்துவிடும். ஒரு பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் டேப்பால் தரையில் ஒட்டி, கால் மணி நேரம் கழித்து உரித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி தெரிந்தால் காத்திருங்கள்.

இரவில் மின்னும் கண்ணாடி மணிகள் இரண்டுக்கும் வேண்டும். பாதி புதைந்து பாதி வெளியே நின்றால்தான் ஒளி திரும்பும். தெர்மோவில் சூடு ஆறுமுன் தூவியாக வேண்டும், தாமதித்தால் ஒட்டாது. சிந்தியதை உடனே பெருக்குங்கள், காலை வாரிவிடும்.

என் தேர்வு இதுதான்: நீண்ட கோடுகளுக்கு லாரி பெயிண்ட். ஜீப்ரா கிராசிங், நிறுத்தக் கோடு, அம்புக்குறிகளுக்குத் தெர்மோ, அதுவும் தடத்தை மூடி. நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டுக்கும் அல்ல, அழிந்த கோட்டைக் கை இயந்திரத்தால் திரும்பப் போடும் சில்லறை வேலைக்குத்தான். அஞ்சு நிமிஷம்தானே என்று கூம்பே வைக்காமல் இறங்கிவிடுவார்கள். அந்த வேலைக்கும் முழு ஏற்பாடு கேளுங்கள். எந்த முறையானாலும் ஆள் குறைகிறதென்று மேஸ்திரி வண்டியைத் தள்ளப் போகக் கூடாது. அவர் கண் வாகனங்கள் வரும் திசையில் இருக்கட்டும்.